சர்வீஸில் பிரேக் விழக்கூடாது

இந்தியப் பட்டாளத்தில் சேரப் போய், மார்பு விரியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவன் நான். ராமநாதபுரத்தில் ஆள் எடுத்தபோது மூச்சை முட்ட முட்ட இழுத்துக்கொண்டுதான் நின்றேன். அளந்தவர் நாடாவை இறுக்கிப் பிடித்தார் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. அதற்கப்புறம் பரமக்குடியில் ஒரு கடையில் உட்கார்ந்து தையல் படித்தேன். ஊரிலுள்ள மார்பையெல்லாம் நானே அளந்தேன். அந்தத் தொழில் கடைசியில் என்னை வேறொரு நாட்டுப் பட்டாளத்துக்குள் கொண்டுபோய் விட்டது.

குவைத்துக்கு டெய்லர் விசா என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஏதோ துணிக்கடையாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். கம்பெனிக்காரன் பஸ்ஸில் ஏற்றிப் பாலைவனத்தில் இறக்கினான். அமெரிக்கப் பட்டாளத்தின் கேம்ப் அது. இராக் சண்டைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் அங்கேதான் தங்கிப் போவார்கள். மணலுக்கு நடுவில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் மூன்று மெஷின். அதுதான் எங்கள் கடை. ஒரு பெங்காலி, ஒரு பாகிஸ்தானி, நான். மூன்று பேருக்கும் பொதுவான பாஷை ஓட்டை இந்தி.

வேலை என்னவோ சின்ன வேலைதான். சட்டைப் பைக்கு மேலே சிப்பாயின் பெயர்ப்பட்டையைத் தைக்க வேண்டும். வலது தோளில் கொடியைத் தைக்க வேண்டும். அந்தக் கொடியில் நட்சத்திரக் கட்டம் முன்பக்கமாக வரவேண்டும், ஆள் முன்னால் ஓடும்போது கொடி பின்னால் பறக்கிற மாதிரி. எனக்கு அது தெரியாது. முதல் நாள், கொடி திரும்பியிருக்கிறதே என்று நான் நேராக்கித் தைத்து வைக்க, பாகிஸ்தானி தலையில் அடித்துக்கொண்டு பிளேடால் பிரித்தார். அதற்குப் பிறகு என் கை தவறியதே இல்லை. வெடித்தாலும் கிழிந்தாலும் சட்டைதான் போகும், என் தையல் போகாது என்று பீற்றிக்கொள்வேன்.

தங்கியிருந்தது குவைத் ஊருக்குள், அப்பாசியாவில். அங்கேதான் என் வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. தமிழ், மலையாளக் குடும்பங்களாகவே நிறைந்த இடம். நாங்கள் ஆறு பேர் ஒரு ரூமில் அடுக்குக் கட்டிலில் கிடப்போம். எதிர் ஃப்ளாட்டில் ஒரு நர்ஸம்மா, அவருடைய வீட்டுக்காரர், ஒரு பெண் குழந்தை. காலையில் நான் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த மனிதர் மகளின் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்கூல் வண்டிக்கு நிற்பார். பிள்ளை பிடிவாதம் பிடிக்கும். அவர் சலித்துக்கொள்வார். அந்தச் சலிப்பைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்காது. ஒரு மனுஷனுக்குத் தன் பிள்ளையிடம் சலித்துக்கொள்ளக்கூட ஒரு பாக்கியம் வேண்டியிருக்கிறதே.

என் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடையாது. கல்யாணமாகி, மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது விமானம் ஏறியவன் நான். மகளைப் போட்டோவில்தான் பார்த்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரு கதவு. உள்ளே அவள், பிள்ளை, நான். அந்தக் கதவு எந்த நாட்டில் இருந்தாலும் சரி.

கேம்ப் கடைக்கு ஒரு சிப்பாய் அடிக்கடி வருவான். குள்ளமான பையன், பிலிப்பைன்ஸ்காரன். எங்கள் லாண்டரியில் வேலை பார்த்த பிலிப்பினோக்களோடு அவர்கள் பாஷையிலேயே அரட்டை அடிப்பான். அவர்கள் துணி துவைக்க, இவன் துப்பாக்கி தூக்க, மூஞ்சி மட்டும் ஒன்று. எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். ஒருநாள் காலையில் அவசரமாக ஓடி வந்தான். தோளில் கொடியின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. போட்டபடியே தைத்துவிடு என்றான். உடுத்தின துணியில் ஊசி போட்டால் தரித்திரம், கழற்று என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தரித்திரத்தை எப்படிச் சொன்னேனோ, கழற்றிக் கொடுத்தான்.

என்ன விசேஷம் என்று கேட்டேன்.

இன்றைக்கு நான் அமெரிக்கக் குடிமகன் ஆகப் போகிறேன் என்றான்.

எனக்கு ஊசி கையில் நின்றுவிட்டது. அப்படியானால் இவ்வளவு நாளும்? இல்லை, இவ்வளவு நாளும் பிலிப்பைன்ஸ்தான் என்றான். பட்டாளத்தில் வேலை செய்தால் கொடுப்பார்கள், சண்டைக் காலத்தில் சீக்கிரமாகவே கொடுப்பார்கள், அதுவும் இங்கேயே, இந்தக் கேம்பிலேயே. நீயும் வந்து பாரேன் என்று கூப்பிட்டான்.

சூப்பர்வைசரிடம் ஒன்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். சாப்பாட்டுக் கூடாரத்தில் நாற்காலி போட்டிருந்தது. வரிசையாக நின்றவர்களைப் பார்த்தால் ஒருவரும் வெள்ளைக்காரர் மாதிரி இல்லை. கறுப்பு, மாநிறம், சப்பை மூக்கு. எங்கள் பஸ்ஸில் ஏறினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒரு அதிகாரி பிரமாணத்தைத் துண்டு துண்டாகச் சொல்ல, எல்லோரும் வலது கையைத் தூக்கித் திருப்பிச் சொன்னார்கள். நடுவில் அவர் நிறுத்தி, சத்தம் பத்தவில்லை, இன்னொரு தடவை என்றார். கூடாரமே அதிரச் சொன்னார்கள். நான் வாசலில் நின்று அவர்களுடைய வலது தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் என் தையல். பையன் அழுதுகொண்டே சிரித்தான். எனக்கும் கண் நிறைந்தது. ஆனால் அது அவனுக்காக இல்லை. எனக்குள் ஏதோ கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது.

அன்று ரூமில் இதுதான் பேச்சு. எங்கள் ரூமில் மூத்தவர் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. அதே கேம்பில் சமையல் வேலை. மற்றவர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் வெங்காயம் அரிந்தபடி யோசித்தார்.

"தம்பி, நான் சொல்லுதேன் கேளு. ஊர்ல ஈ.பி.ல கான்ட்ராக்ட்ல குழி தோண்டுனான்லா, அவனெல்லாம் இன்னைக்கு என்ன? பெர்மனென்ட். எங்க மச்சான் ரோட்டு வேலைக்குத் தெனக்கூலியாப் போனவன். பெர்மனென்ட் ஆயி, ரிட்டயர்டும் ஆயிட்டான். கவர்மென்ட்டுன்னா எல்லா ஊர்லயும் ஒண்ணுதாம்லே. மொதல்ல பட்டாளத்துக்காரனுக்குக் குடுப்பான். பொறவு கேம்ப் ஆளுக்கும் குடுத்துத்தானே ஆகணும்?"

"நாம கம்பெனி ஆளுங்கதானே, அண்ணாச்சி?"

"கான்ட்ராக்ட் லேபரும் கம்பெனி ஆளுதாம்லே. ஒண்ணே ஒண்ணுதான். சர்வீஸ்ல பிரேக் விழக்கூடாது. நடுவுல லீவு கீவுன்னு போனவன் பேரை மொத அடியிலேயே தூக்கிருவான்."

இப்போது கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் பிறந்த எவனுக்கும் அந்த நியாயம் உடனே மண்டையில் ஏறும். என் சித்தப்பாவே அப்படிப் பெர்மனென்ட் ஆனவர்தான். மழைக்காலத்தில் காய்ச்சலோடு கம்பத்தில் ஏறினாரே தவிர ஒருநாள் விடவில்லை, பிரேக் விழுந்துவிடும் என்று. கஷ்டப்பட்டு ஒட்டிக்கொண்டு கிடந்தால் கவர்மென்ட் ஒருநாள் இரக்கப்படும். எங்களுக்குத் தெரிந்த கவர்மென்ட் அதுதான். சண்டை ஆரம்பித்த நாட்களில் சைரன் அடித்தபோது நாங்களும்தானே பதுங்குகுழியில் குப்புறப் படுத்தோம்? அது சர்வீஸ் இல்லையா?

கேட்க யாரும் இல்லை. கேட்கவும் பயம். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

முதல் லீவு வந்தது. போகவில்லை. கம்பெனிக்குச் சந்தோஷம். வீட்டுக்குப் போன் செய்து, லீவு தரமாட்டேன் என்கிறான் என்று பொய் சொன்னேன். மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் முடியிறக்கிக் காது குத்தினார்கள். போனில் பிள்ளை வீறிட்டது கேட்டது. மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடி கேட்டேன். "எத கேக்குறீங்க, அழுகையவா?" என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு உண்மையைச் சொன்னேன். எல்லாம் சொன்னேன். பிலிப்பைன்ஸ் பையன், பிரமாணம், பெர்மனென்ட், ஒரே கதவு.

"அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவ கதை கேட்டிருக்கேன்," என்றாள். "நீங்க அரசனை நம்பிப் பொண்டாட்டியக் கைவிடுறீங்க. அந்த அரசனாவது ஒங்கள்ட்ட வாக்குக் குடுத்தானா?"

கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த லீவுக்கு முன்னால் அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும் என்று மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். புருஷன் கையெழுத்து கேட்டார்கள். அவள் போன் செய்தாள். எப்போதும் சுருக்கென்று பேசுகிறவள், அன்று கெஞ்சினாள்.

"ஒரு வாரம் வந்துட்டுப் போங்க. எனக்குப் பயமா இருக்குங்க. மயக்கத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒங்க மொகத்த ஒரு தடவ பாத்துக்கிறேன்."

போவது என்று முடிவு செய்து, சூப்பர்வைசரிடம் சொல்லக் கிளம்பினேன். அந்த வாரம் பார்த்து, கேம்ப் ஆட்களுக்குக் கழுத்தில் மாட்டுகிற புது பேட்ஜ் கொடுக்கப் போகிறார்கள், யார் யார் எவ்வளவு காலம் வேலை செய்தார்கள் என்று எழுதி எடுக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். "தம்பி, பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒரு மாசம் பொறு. தாலி கெட்டினவளுக்காகத்தானே இதெல்லாம்?"

பொறுத்தேன். என் மைத்துனன் கையெழுத்துப் போட்டான். ஆபரேஷன் நடந்த நேரத்தில் நான் ஒரு மேஜரின் சட்டையில் கொடி தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரல் நகத்தில் இறங்கியது. பெங்காலி மெஷினை நிறுத்திவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அழுததை அவர் விரலுக்காக என்று நினைத்திருப்பார். அவள் பிழைத்துவிட்டாள் என்று தெரியும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. புது பேட்ஜ் வந்தது. பழைய பேட்ஜின் நிறம் மங்கிவிட்டதால் மாற்றினார்களாம். அவ்வளவுதான் விஷயம்.

அதன்பிறகு அவள் வாங்க என்று ஒருமுறையும் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை போனில், சாப்பிட்டீங்களா, உடம்பு நல்லா இருக்கா, அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தேவலை. நான் இலவு காத்த கிளி என்று எனக்கே தெரிய ஆரம்பித்தது. ஆனால் இவ்வளவு கொடுத்துவிட்டு எப்படி எழுந்து போவது? நகர்ந்தால் அத்தனையும் வீண் என்று பயம். பயத்திலேயே இரண்டாவது லீவும் போனது.

பிறகு அந்தப் புது யூனிஃபார்ம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் ஷூவில் இருக்குமே, பர்ர் என்று பிரிகிற ஒட்டுப்பட்டை, அதைத் தோளிலும் நெஞ்சிலும் வைத்து வந்தது. பெயரை ஒட்டிக்கொள்ளலாம். கொடியை ஒட்டிக்கொள்ளலாம். ஊசியே வேண்டாம். முதலில் ஒன்றிரண்டு பேர் போட்டு வந்தார்கள். பிறகு எல்லோரும். மூன்று மெஷினில் ஒன்றைத் தூக்கினார்கள், பிறகு இன்னொன்றை. பெங்காலி போனார். பாகிஸ்தானி போனார். பேண்டுக்கு அடி மடிப்பதற்காக என்னை மட்டும் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் ஹைதராபாத்காரர், நல்ல மனிதர்தான். ஒருநாள் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "பாய், கலாஸ்," என்றார். அரபியில் முடிந்தது என்று அர்த்தம்.

நான் அன்றைக்குச் செய்ததை நினைத்தால் உடம்பு கூசுகிறது. கேம்ப் முழுக்க அலைந்தேன். அந்தப் பிலிப்பைன்ஸ் பையன் இரண்டாம் தடவையாக இராக்குக்குப் போகிற வழியில் அங்கே தங்கியிருப்பதாக லாண்டரியில் சொல்லியிருந்தார்கள். ஜிம் வாசலில் பிடித்தேன். முகம் வற்றிப் போயிருந்தது. எனக்கு வேலை போய்விட்டது, என் சர்வீஸுக்கு என்ன பதில், எங்களுக்கு எப்போது பிரமாணம் என்று கேட்டேன்.

அவனுக்குப் புரியவே நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்துவிடுவான் என்று பயந்தேன். அவன் சிரிக்கவில்லை. நீங்கள் பட்டாளம் இல்லையே என்று மெதுவாகச் சொன்னான்.

"அப்ப என்னைப் பட்டாளத்துல சேத்துக்கச் சொல்லு. ஊசிய வச்சிட்டுத் துப்பாக்கி எடுக்குறேன்," என்றேன், இங்கிலீஷும் இந்தியும் தமிழும் கலந்து. "எங்க வேணா அனுப்பட்டும். சாகுறதுன்னாலும் சாகுறேன். எம் பொண்டாட்டி புள்ளைக்கு ஒரு வீடு குடுத்தாப் போதும்."

சேர வேண்டுமென்றால் முதலில் அந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி வேண்டும் என்றான். அவன் அம்மா நர்ஸாகப் போய், அவனைச் சின்ன வயதிலேயே அழைத்துக்கொண்டதால் அது கிடைத்ததாம். அங்கே குடியிருக்கிற உரிமை வாங்க வேண்டுமென்றால் ஏற்கெனவே அங்கே குடியிருக்கிற உரிமை வேண்டும். நீச்சல் தெரிந்தவன்தான் தண்ணீரில் இறங்கலாம் என்கிற கதை. இது யாருடைய தப்பும் இல்லை. ஒருவரும் எங்களுக்கு எதையும் தருவதாகச் சொல்லவில்லை. திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லாமல் போனதுதான் எனக்குத் தாளவில்லை. மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பையன் என்னைத் தூக்கி நிறுத்தினான். என்ன செய்வதென்று தெரியாமல், வலது தோளிலிருந்து கொடியைப் பர்ர் என்று பிய்த்து என் கையில் வைத்தான். முன்பெல்லாம் நான் நாலு பக்கமும் இரட்டைத் தையல் போட்டு, பல்லால் நூலறுத்து உட்காரவைத்த கொடி, இப்போது ஒட்டுப்பட்டையிலிருந்து ஒரு நொடியில் கையோடு வந்துவிட்டது. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ரூமைக் காலி செய்தபோது அண்ணாச்சி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவசரப்படுதியே தம்பி. வேற கேம்ப்ல ஒட்டிக்கிட்டேன்னா பழைய சர்வீஸும் சேரும்லா?" என்றார். அவருடைய பேட்ஜ் கழுத்தில் தொங்கியது. குளிக்கும்போதுகூட அதைக் கழற்றமாட்டார். அவரிடம் உண்மையைச் சொன்னேன், பையன் சொன்னது எல்லாவற்றையும். கேட்டுவிட்டு, அவனுக்கு என்ன தெரியும், அவன் சின்னப் பையன் என்றார்.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து போனேன். வருவதாகச் சொல்லியிருந்தேன். மனைவி வாசலுக்கு வந்து, "வாங்க," என்றாள். நாற்காலி எடுத்துப் போட்டாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அப்படித்தான் கொடுப்பாள். மெலிந்திருந்தாள். நடக்கும்போது இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். மகள் அவளுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தது. நான் கையை நீட்டினேன். அது வரவில்லை.

"எப்பப் போவாங்க?" என்று அம்மாவிடம் கேட்டது.

கதவு சாத்தியிருந்தது. ஒரே கதவு. உள்ளே அவள், பிள்ளை, நான். நான் கேட்டது அப்படியே கிடைத்திருந்தது. சட்டைப் பையிலிருந்து அந்தக் கொடியை எடுத்து மகளிடம் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைத் தன் பாவாடையில் ஒட்டிப் பார்த்தது. ஒட்டவில்லை.

"லீவு எத்தன நாளு?" என்றாள் மனைவி.

"லீவு இல்ல. முடிச்சிட்டு வந்துட்டேன். இனிமே இங்கதான்."

அவள் சந்தோஷப்படவில்லை. கோபப்படவும் இல்லை. அடுப்பில் அரிசி கொதித்தது. போய்த் தணித்துவிட்டு வந்தாள்.

"ரேஷன் கார்டுல ஒங்க பேர எடுத்துட்டாங்க," என்றாள். "வீட்டுல எத்தன ஆளுன்னு சரிபாக்க வந்தாங்க. ஆளு எங்கன்னு கேட்டாங்க. வெளிநாட்டுலன்னேன். எப்ப வருவாருன்னாங்க. எனக்குத் தெரியலன்னேன். பேர அடிச்சிட்டாங்க."

நான் செம்பைக் கீழே வைத்தேன்.

"மறுபடி சேக்கலாமாம். தாலுகாபீஸ்ல மனுக் குடுக்கணும். ஆளு இங்கயே இருக்கணுமாம், வந்து பாப்பாங்களாம்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கையில் ஈரம் போன பிறகும். "இருப்பீங்களா?"

தலையாட்டினேன்.

"தலைய ஆட்டாதீங்க. வாயத் தொறந்து சொல்லுங்க."

சொன்னேன். கேட்கவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.